பட்டுப் பிரிவில் ஒரு ஸ்டூல்

அடுத்தவர் மனத்தை மாற்றப் பேசும் பேச்சை எல்லோரும் காதில் மாட்டியிருக்க வேண்டிய கருவி விழுங்கிவிடும். தகவலும் கட்டளையும் மட்டுமே கேட்கும். "நாமளும் உக்கார இடம் கேப்போம்" என்று, நாள் முழுக்க நின்றே விற்க வேண்டிய ஜவுளிக்கடையில் செண்பகவல்லி சொன்னபோது, உடன் வேலை செய்தவர்களுக்கு அவள் உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

மறுநாள் வீட்டிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்து, உட்கார்ந்தே சேலை விரித்தாள்.

"எந்திரி" என்றார் சூப்பர்வைசர் பொன்னுலிங்கம்.

"மாட்டேன் அண்ணாச்சி. வேலை நடக்குதுல்லா."

ஸ்டூலைத் தெருவில் எறிந்தார். அவள் அடுத்த நாள் வேறொன்றோடு வந்தாள். அதையும் எறிந்தார். நான்காம் நாள் ஆவுடையம்மாளும் ஒன்று கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு ஸ்டூல்கள்.

முதலாளியே வந்து, கையெடுத்துக் கும்பிட்டு அரை மணி நேரம் பேசினார். உதடு மட்டும் அசைந்தது. நின்றால் கால் வலிக்குமே என்று செண்பகவல்லி ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.