இரண்டு எலுமிச்சம்பழம்

புது கார் வந்த நாலாம் நாளே கணவனும் மனைவியும் கொல்லிமலைக்குக் கிளம்பினார்கள்.

"எலுமிச்சம்பழம் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டாள் பூங்கொடி.

"ரெண்டு இருக்குது" என்றார் செங்கோடன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

மலை ஏற ஏற அவருக்கு வியப்புத் தாங்கவில்லை.

"வளைவுல எப்படித் திரும்புது பாரு! என்ற லாரியா இருந்தா ரெண்டு தடவ ரிவர்ஸ் எடுத்திருக்கோணும். இது நெனைக்கறக்கு முன்னாடியே திரும்பிருதே!"

"கம்முனு வாங்க. மலையேறயில பேசுனா கொமட்டும்."

"செகண்ட் கியர்லயே என்ன இழுவை! கொஞ்சங்கூடத் திணறலியே!"

முப்பதாவது வளைவில் கார் சட்டென்று ஓரங்கட்டி நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தார் செங்கோடன்.

ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தபடியே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் பூங்கொடி. "லாரிக்காரருக்கு மலை ஒத்துக்கலீங்களா?"

"மலையெல்லாம் ஒத்துக்கும் புள்ள. லெஃப்ட் சீட்டுல இன்னைக்குத்தானே உக்கார்றேன்!" வாயைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "நான் லோடு போன நாள்லயா இத்தனையும் கத்துக்கிட்ட?"

பூங்கொடி கியரைப் போட்டாள்.

அடுத்த வளைவில் எதிரே பஸ் வந்தது. செங்கோடன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கதவைத் தட்டித் தட்டி, தன்னுடைய பழைய கிளீனர்களைப் போலவே கத்தினார்:

"வரலாம்... வரலாம்... ரைட்!"