ஐயாவோட சீட்

தர்மலிங்கம் ஐயாவின் மகன் பஸ்ஸில் வந்து இறங்கி, தனியாகத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் பக்கம் ஏறி வருகிறான் என்று கேள்விப்பட்டதும் தினேஸுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

"ரெண்டு ஜீப் வச்சிருக்கிறவன் எதுக்கு நமுனுகுல பஸ்ல வர்றான்? யாருக்கும் தெரியாம காரியத்த முடிக்கத்தான்!"

"வரட்டுமே. பேசினாத்தானே தெரியும்" என்றாள் அவன் மனைவி ஜெயந்தினி.

"நீ இப்படியே இரு. தலையில மொளகா அரைச்சிட்டுப் போயிருவானுங்க."

தர்மலிங்கம் ஐயா பதுளையில் பெரிய கடைக்காரர். பார்லிமென்டில் ரொம்ப காலம் இருந்தவர். போன வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சட்டப்படி, கட்சிப் பட்டியலில் அவருக்கு அடுத்தபடியாகத் தன் பெயருக்கு விருப்பு வாக்கு எடுத்த ஜெயந்தினிக்குத்தான் அந்த சீட். அவளுக்கு அடுத்து ஐயாவின் மகன் நிரோஷன். இவள் மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், சீட் ஐயா வீட்டைவிட்டு வெளியே போகாது.

"அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். சீட் என்ன, இவனுங்க கடையா?" என்று பசறை ஆட்டோ ஸ்டாண்டில் தினேஸ் கேட்காத ஆள் இல்லை.

ஜெயந்தினி கொழுந்து பறித்தவள். மண்சரிவில் லயம் போன குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு, அரசாங்க அதிபர் இருக்கும் கச்சேரி வாசலில் குந்தியிருந்து, வீடு கட்டக் காணி வாங்கிக் கொடுத்தவள். அவளுக்கு விழுந்த வாக்கெல்லாம் அதற்கு விழுந்ததுதான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தினேஸ் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, சட்டைப் பைக்குள் நழுவவிட்டான். மிரட்டினாலும் சரி, ஆசை காட்டினாலும் சரி, சாயங்காலமே ஊருக்கெல்லாம் அனுப்பிவிட வேண்டியதுதான்.

நிரோஷன் தொப்பியைக் கழற்றினான். முகத்தில் ஒரு வாரத் தாடி.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள் ஜெயந்தினி.

அவன் உட்கார்ந்ததும் கதவைத் திரும்பிப் பார்த்தான். "கொஞ்சம் சாத்திரலாமாக்கா?"

தினேஸ் கதவுக்குக் குறுக்கே நின்றான். "திறந்தே இருக்கட்டும். இங்க மறைக்க ஒண்ணும் இல்ல."

"சரிண்ணே." நிரோஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, கையெழுத்து விஷயமாத்தான் வந்தேன்."

தினேஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "பாத்தியா, நான் சொன்னேன்ல! ஏன் தம்பி, ஒங்கப்பாவுக்குக் கருமாதி கூட முடியல. அதுக்குள்ள சீட்டு கேட்டு வந்துட்டீங்களா? இவ கஷ்டப்பட்டு எடுத்த வோட்டு!"

"என்னங்க, அவர் பேசட்டும்" என்று தடுத்தாள் ஜெயந்தினி.

நிரோஷன் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு எங்க மாமா வருவாரு. கட்சியில பேசி முடிச்சிட்டாரு. சீட்டு வேணாம்னு எழுதித் தரச் சொல்லிக் கேப்பாரு. தோட்டத்துக்கு ரோடு போட்டுத் தாறேம்பாரு, அண்ணனுக்கு வேலை எடுத்துத் தாறேம்பாரு. எது சொன்னாலும் கையெழுத்து மட்டும் போட்டுராதீங்கக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

தினேஸ் மெல்லக் கதவைச் சாத்தினான்.

"எனக்கு விழுந்தது எங்கப்பா மொகத்துக்கு விழுந்த வோட்டு. அதுல நான் போய்க் குந்துறது சரியில்ல" என்றான் நிரோஷன்.

"அப்ப நீங்களே வேணாம்னு சொல்லிரலாமே தம்பி?" என்று கேட்டாள் ஜெயந்தினி.

"சொல்லிப் பாத்துட்டேன். அம்மா சாப்பிடாம படுத்துட்டாங்க. அவங்கள எதுத்து நிக்க எனக்குத் தைரியம் இல்லக்கா. நீங்க கச்சேரி வாசல்லயே நின்னவங்க." அவன் எழுந்தான். "நான் வந்துட்டுப் போனது மட்டும் வெளியில தெரிய வேணாம். அம்மா மொகத்துல முழிக்க முடியாது. அதான் பஸ்ல வந்தேன்."

"நான் போடமாட்டேன் தம்பி. நிம்மதியாப் போங்க" என்றாள் ஜெயந்தினி.

தினேஸ் மெதுவாகப் போனை எடுத்தான். பதிவானதை யாருக்கும் தெரியாமல் அழித்தான். பிறகு தானே ஓடிப்போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தான். குடித்து முடித்த நிரோஷனை, மழை தூறுகிறது என்று குடை பிடித்து பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

திரும்பி வந்தவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நல்ல பிள்ள! நாந்தான் கண்டபடி நெனச்சிட்டேன். வந்த பதவியையே வேணாங்கிறான். இப்படி நாலு பேர் இருந்தா நாடு உருப்பட்டுரும், ஜெயந்தி."

"ஆமாங்க" என்றாள் அவள்.

குடையை உதறி மூலையில் சாய்த்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் தினேஸ்.

"ஆமா, எம்.பி.க்கு செக்ரட்டரி, டிரைவர்னு ஆள் போடுவாங்கல்ல? செக்ரட்டரியா நான் வந்துர்றேன். டிரைவருக்கு என் தம்பி இருக்கான். வெளியாள் எவனையும் கிட்ட சேத்துராத ஜெயந்தி. நமக்குக் கெடச்சத நம்ம குடும்பத்தத் தாண்டி விடலாமா?"