அப்பாவின் தூக்க மாத்திரை

பேனா தேடி மனைவியின் கைப்பைக்குள் கைவிட்டவனுக்குச் சிக்கியது ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி.

அப்பாவுக்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் நிறுத்தச் சொன்ன தூக்க மாத்திரை அது.

அப்பா குளியலறையில் விழுந்து தலையில் தையல் போட்ட அன்று, ஆஸ்பத்திரி டாக்டர் சத்தமே போட்டுவிட்டார்.

"இவ்வளவு வயசானவருக்கு இதை யாரு எழுதிக் கொடுத்தது? இந்த வயசுல இது தள்ளாட வைக்கும், புத்தியைக் குழப்பும். இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்கவே மாட்டார்."

"பழைய டாக்டர்தான் கொடுத்தாரு" என்று சொல்லிவிட்டு, மகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. அப்பாவும் தெளிந்தார். பேப்பர் படித்தார், மருமகளைக் கேலி செய்தார். இப்போது ஒரு வாரமாகத்தான் மறுபடியும் அந்தத் தள்ளாட்டம். நேற்று மகனைப் பார்த்தே "யாருப்பா நீ?" என்று கேட்டுவிட்டார்.

ஆக, இவள்தான்! கிழவர் தூங்கினால் தொல்லை விட்டது என்று இவள்தான் கொடுக்கிறாள். இத்தனை வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினோம்? மேஜையில் அவள் வைத்துவிட்டுப் போன டீயைக்கூட ஒருமுறை மோந்து பார்த்தான்.

மனைவி உள்ளே வந்தாள். அட்டையை நீட்டினான்.

"என்னது இது?"

அவள் முகம் வெளுத்தது. "அது... கொடுங்க, நான் தூக்கிப் போட்டுடறேன்."

"எங்கப்பாவைக் கொல்லப் பாக்கறியா?"

"ஐயோ, மெதுவா பேசுங்க. மாமா காதுல விழுந்துடும்."

"விழட்டும்! யார் கையால சாப்பிடறோம்னு அவருக்கும் தெரியட்டும்!"

அவள் கண் கலங்கியது. அதையும் நடிப்பு என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

சுவரைப் பிடித்தபடி அப்பா வந்து நின்றார். கால் நிலைகொள்ளவில்லை.

"அவளைத் திட்டாதேடா. அது நான் வாங்கினது. பழைய சீட்டைக் காட்டினேன், மருந்துக்கடையில கொடுத்துட்டாங்க. இன்னிக்குக் காலையில என் சட்டைப் பையில பாத்துட்டுப் புடுங்கிட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"ஏம்ப்பா? இன்னொரு தடவை விழுந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரே!"

"தெரியும்ப்பா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. காலையில எந்திரிப்போமான்னு நினைச்சுக்கிட்டேதான் படுக்கறேன்."

"அப்புறம் எதுக்கு அதைப் போய்ப் போடறீங்க?"

அப்பா மருமகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பழைய டாக்டர்கிட்ட நீ கெஞ்சினியே... 'ராத்திரி பூரா நடமாடறாரு, என்னால தூங்கவே முடியல, எதையாவது கொடுத்துப் படுக்க வைங்க'ன்னு. போன வாரம் மறுபடியும் தூக்கமில்லாம கண்ணைக் கசக்கிக்கிட்டே ஆபீசுக்குப் போனே. எனக்கு மனசு கேக்கலப்பா."