கம்பி வேலை

“அந்த இடத்துல கொன்னுட்டான், சிஸ்டர்” என்றார் டாக்டர், கையில் கத்தியோடு.

பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்துப்போகும் ஊசி அவருடைய இடது கைக்கு மட்டும்தான். காது நன்றாகவே கேட்டது.

“உங்கள இல்லங்கய்யா, மியூசிக்கச் சொல்றாரு” என்றார் நர்ஸம்மா.

ஸ்டீல் கிண்ணத்துக்குள் நிறுத்தியிருந்த செல்போனில் ஒரு படத்தின் பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் வந்த படம். ரயில் நகர்கிறது, மகன் போகிறான், பிளாட்பாரத்தில் அம்மா நிற்கிறாள். வசனமே கிடையாது, ஒற்றை வயலின்தான். அதில் ஒரு ஸ்வரம், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்று, நடுங்கி, பிறகு சட்டென்று கீழே விழும்.

டாக்டரும் நர்ஸம்மாவும் அந்தப் படத்துக்கு இசையமைத்தவரின் ரசிகர் குழுவில் இருப்பவர்கள். அந்தப் படத்தின் மழைக் காட்சி, கல்யாணக் காட்சி எல்லாவற்றிலும் ஒத்துப்போவார்கள். இந்த ஒரு ஸ்வரத்தில் மட்டும் மூன்று வருடமாகச் சண்டை. அம்மாவுக்குத் தொண்டை அடைப்பதைத்தான் இசையமைப்பாளர் அப்படி எழுதியிருக்கிறார் என்பது டாக்டர் கட்சி. குழுவில் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கைதட்டல் வாங்கியிருந்தார். நர்ஸம்மா அதற்குக் கீழே எழுதியது ஒரே வரி: “வாசிச்சவருக்கு வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்.”

படுத்திருந்தவருக்கு அறுபது இருக்கும். இடது மோதிர விரலை மடக்கினால் உடனே நிமிராது. மாட்டிக்கொண்டு நிற்கும், பிறகு டக்கென்று விடும். மூன்று வருடமாக இப்படி. இப்போதெல்லாம் வலது கையால் இழுத்துத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, வெளியே தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார். என்ன வேலை என்று கேட்டார் டாக்டர்.

“கம்பி வேலைங்க.”

கட்டடத்தில் கம்பி கட்டுபவர் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். கையைக் கழுவி மருந்து தடவும்போது நர்ஸம்மாதான் பார்த்தார். உள்ளங்கை மெத்தென்று இருந்தது, நாலு விரல் நுனியில் மட்டும் தோல் காய்த்துப் போயிருந்தது. ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு வாகு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

உள்ளங்கையில் ஒரு சின்னக் கீறல். விரலை இழுக்கும் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தை உள்ளே வெட்டிவிட்டால் போதும். ஆனால் இரண்டு பக்கமும் நூல் மாதிரி நரம்பு ஓடுகிறது. கத்தி மயிரிழை விலகினால் விரல் நுனி ஆயுசுக்கும் மரத்துவிடும். இதையெல்லாம் டாக்டர் முதல் நாளே விளக்கியிருந்தார்.

“நுனி மரத்தா நான் வீட்டோட உக்கார வேண்டியதுதாங்க” என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார்.

டாக்டர் வளையத்தை வெட்டினார். “மடக்குங்க. இப்ப நீட்டுங்க.”

விரல் மடங்கியது. பாதி நிமிர்ந்து நின்றது. டக்.

“இன்னும் உள்ள பிடிச்சிருக்கு” என்றார் டாக்டர். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. இன்னும் உள்ளே என்றால் நரம்பை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

கிண்ணத்துக்குள் வயலின் அந்த இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நாடித் துடிப்பைக் காட்டும் பெட்டி திடீரென்று வேகம் பிடித்தது. எண்பது, தொண்ணூற்றாறு, நூற்றுப் பன்னிரண்டு. வலிக்கிறதா என்று கேட்டதற்குப் படுத்திருந்தவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“டாக்டர், அத மட்டும் நிறுத்திடுங்களேன்.”

நர்ஸம்மா எட்டிப் போய் நிறுத்தினார். வார்த்தை இல்லாத பாட்டு எல்லாருக்கும் ஒத்துவராது என்று டாக்டர் காதோடு சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் அதுவும் கேட்டது.

அறையில் பெட்டியின் சத்தம் மட்டும் மிச்சம். டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார். கத்தி நுனி அந்த வெள்ளை நூலுக்குப் பக்கத்திலேயே போயிற்று. ஒரு அரிசி நீளம்தான். நர்ஸம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்தி வெளியே வந்தது.

“மடக்குங்க.”

மடங்கியது.

“நீட்டுங்க.”

எண்ணெய் போட்ட கீல் மாதிரி நிமிர்ந்தது. சத்தமே இல்லை. யாரும் சொல்லாமலேயே அவர் இன்னொரு தரம் மடக்கினார், நீட்டினார். பிறகு நாலு விரலையும் மாற்றி மாற்றி, வேகமாக, காற்றிலேயே அழுத்திப் பார்த்தார். தையல் போட வேண்டும் என்று டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

“நரம்பு பத்திரமா இருக்குங்கய்யா. மூணு வாரத்துல வேலைக்குப் போங்க.”

இரண்டாவது தையலிலேயே டாக்டருக்குப் பழைய பேச்சு திரும்பிவிட்டது. நாலு பக்கக் கட்டுரையை நர்ஸம்மா இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். படித்தால் மட்டும் தப்பு சரியாகிவிடுமா என்று நர்ஸம்மா கேட்டார்.

“சரி, நாம அடிச்சுக்க வேணாம். வெளியாள் ஒருத்தர் தீர்ப்பு சொல்லட்டும். அந்த இடத்த மட்டும் போடுங்க சிஸ்டர்.”

நர்ஸம்மா செல்போனைத் தட்டினார். வயலின் ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் நின்றது, நடுங்கியது, விழுந்தது.

“சொல்லுங்கய்யா. எழுதினவரு மூளையா, வாசிச்சவரு தப்பா?”

திரைக்கு இந்தப் பக்கம் கிடந்த கையில் மோதிர விரல் ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது.

“அத வாசிச்ச அன்னிக்குத்தாங்க இந்த விரல் மொதல்ல மாட்டிச்சு.”