பின்கட்டுச் சாவி

“அந்தப் பின்கட்டை மட்டும் விட்டுடுங்க டீச்சர். மத்த எதை வேணும்னாலும் இடிச்சுக்குங்க” என்றாள் டெல்மிரா, மறுபடியும். சொல்லும்போதே அவள் கை, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைப் பொத்திக்கொண்டது.

தலைமை ஆசிரியை சியோமாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துச் சமையற்காரிக்கு, அரிசி மூட்டையும் பீன்ஸ் மூட்டையும் அடுக்கிய இருட்டறைமீது அப்படி என்ன பாசம்? மற்ற சமையல் பெண்கள் பாத்திரம் கழுவியதும் வீட்டுக்கு ஓட, இவள் மட்டும் தினமும் கடைசி ஆளாகப் பின்தங்குவது எதற்கு?

எல் ஹீக்காரோ கிராமம் மொத்தமும் அன்று பள்ளி மாமரத்தடியில் கூடியிருந்தது. பொறியாளர் அர்னுல்போ பழைய கட்டடத்தின் படத்தைத் தரையில் விரித்திருந்தார். வீட்டுக்கு ஒரு பீன்ஸ் கொட்டை; எந்தப் பகுதியை முதலில் இடித்துக் கட்டலாமோ அதன்மேல் வைக்க வேண்டும். கல் சுமப்பதும் கலவை போடுவதும் ஊர்க்காரர்கள்தாம் என்பதால், எல்லா வீடும் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும்.

முந்தின வருடத்துப் புயலில் ஆறு ஊருக்குள் புகுந்தபோது, எல்லாரும் இந்தக் கட்டடத்தில்தான் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பின்கட்டுச் சுவரில் மட்டும் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு நின்றுவிட்டது.

அந்தச் சுவரோரம்தான் பிள்ளைகள் தினமும் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிறார்கள். ஒரு பெருமழைக்கு அது தாங்காது என்று சியோமாரா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. மழை பெய்கிற ராத்திரிகளில் அவளுக்குப் பொட்டுத் தூக்கம் வருவதில்லை.

“ஏம்மா டெல்மிரா, உன் மகளும் இங்கதானே படிக்குது? செவுரு அது தலைமேல விழுந்தா என்ன பண்ணுவ?” என்றார் எவெலியோ. பெற்றோர் சங்கத் தலைவர், வாய்த்துடுக்கானவர்.

“விழாதுண்ணே.”

“செவுருகிட்ட சத்தியம் வாங்கிட்டியாக்கும்!”

கூட்டம் சிரித்தது. டெல்மிரா சிரிக்கவில்லை. மகள் யோலானி அவள் பாவாடையைப் பிடித்தபடி நின்றாள்.

அந்தப் பிள்ளைமீது சியோமாராவுக்குத் தனிப் பிரியம். புயல் அவர்கள் வீட்டை அடித்துக்கொண்டு போனதிலிருந்து, தாயும் மகளும் அக்கரையில் ஓர் உறவுக்காரி வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நடைபாலமும் போய்விட்டதால் அக்கரைப் பிள்ளைகள் முழங்கால்வரை சேறும் ஈரமுமாக, மணி அடித்த பிறகே வந்து சேர்வார்கள். யோலானி மட்டும் காலணியில் துளிச் சேறு இல்லாமல் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாள். “அவளும் அக்கரைதானே? அவளைப் பார்த்துக் கத்துக்கங்க” என்று சியோமாரா மற்றவர்களை விரட்டாத நாள் கிடையாது.

“எல்லாரும் வெச்சாச்சு. உங்க கொட்டை ஒண்ணுதான் பாக்கி” என்றார் அர்னுல்போ.

டெல்மிரா கொட்டையை உள்ளங்கைக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சியோமாராவின் பொறுமை அறுந்தது. “நானே சொல்லிடறேன். அறையை இடிச்சா மூட்டையெல்லாம் வெளிய வரும், கணக்குப் பார்ப்பாங்க. அதானே உன் பயம்? எல்லாரும் போனப்புறம் தனியா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கறியே, நான் பார்க்கலேன்னு நெனச்சியா?”

“நெருப்பில்லாம புகையுமா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள்.

டெல்மிராவின் முகம் வெளுத்துப்போனது. “ஒரு மணி அரிசி எடுத்ததில்ல டீச்சர்.”

“அப்போ வேற என்னதான் இருக்கு அந்த ரூம்ல? ஊர் கேட்குது, சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மண்டியிட்டு, வியர்வையில் நனைந்திருந்த அந்தக் கொட்டையைப் படத்தில் பின்கட்டின்மேல் வைத்தாள். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி சியோமாராவிடம் நீட்டினாள். ஊர் கைதட்டியது.

நினைத்தது நடந்துவிட்டது. இனிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனாலும் உள்ளங்கையில் சூடாக இருந்த அந்தச் சாவியை எங்கே வைப்பதென்று சியோமாராவுக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று மனசு உறுத்தியது.

அர்னுல்போ பேச்சை மாற்றப் பார்த்தார். “பெரியவங்க சொல்லியாச்சு. பிள்ளைங்க சொல்ல வேணாமா? வா கண்ணு, புதுப் பள்ளிக்கூடத்துல உனக்கு என்ன வேணும்? ஊஞ்சலா, பந்து விளையாட இடமா?” என்று யோலானியை முன்னால் அழைத்தார்.

டெல்மிரா வேண்டாம் என்று தலையசைத்தாள். பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. படத்தில் கொட்டைகள் குவிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் வேணாம் சார். என்னைக்கு இடிப்பீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, நாங்க படுக்கிற பாயைச் சுருட்டி எடுத்துக்கணும்.”