பின்பலகை

பெட்டியே இல்லாத ஸ்பீக்கர் என்று யேசுரட்ணம் சொன்னதும் பௌஸி ஹாஜியாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"பலகையில ஒரு ஓட்டையப் போட்டுத் தாறதுக்கு ஒங்கள்ட்ட ஏன் வரோணும், யேசுரட்ணம்? அத எங்கட ஊட்டு எலியும் செஞ்சி தருமே!"

கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிய பட்டறை. மேசையில் இரண்டு படங்கள் கிடந்தன. ஒன்று எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி. மற்றது வெறும் பலகை. பின்பக்கம் ஆவென்று திறந்து கிடந்தது.

ஹாஜியார் சொன்னதில் பிழையில்லை. பின்பக்கத்தை மூடாவிட்டால் பேஸ் என்கிற அடிநாதம் அரைவாசி காற்றோடு போய்விடும். மேளச் சத்தம் தகர டப்பாவில் தட்டின மாதிரி ஆகிவிடும்.

இது யேசுரட்ணத்துக்குத் தெரியாததா? மூடின பெட்டிதான் ஸ்பீக்கர், மற்றதெல்லாம் விறகு என்று ஊரோடு சண்டை பிடித்தவரே அவர்தான். அவருடைய பெட்டியில் ஒரு திருகாணி இருக்காது. பின்பலகைக்குப் பசை போட்டு, இறுக்கி, காற்றுப் புக வழியில்லாமல் அடைத்துவிடுவார். எறும்புகூட விசா எடுத்துத்தான் உள்ளே போகவேண்டும் என்று பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் றேமண்டைக் கொண்டுபோனது.

றேமண்ட், அவருடைய மனைவி பேர்ணடெற்றின் தம்பி. போன ஆவணியில், இதே ஹாஜியாருக்குச் செய்த பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருதானைக்குப் போனான். வழியில் சோதனைச்சாவடியில் மறித்துத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறக்கிற மாதிரி அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை.

பெட்டியோ பாரம். உள்ளே வயர். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார். குண்டு என்று சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

பிறகு அவர்களே அதைப் பிளந்து பார்த்தார்கள். பஞ்சும் காந்தமும்தான் இருந்தன. பெடியனை மட்டும் விடவில்லை.

பின்பலகையை நாலு திருகாணியில் பூட்டியிருந்தால் என்ன? கழற்றிக் காட்டிவிட்டு அவன் பாட்டில் போயிருப்பான். யேசுரட்ணத்துக்குச் சோறு இறங்காமல் போனது இந்த ஒரு யோசனையால்தான்.

இனி எதைச் செய்தாலும் எந்தப் பக்கத்தாலும் எவனும் பார்க்கிற மாதிரித்தான் செய்வார். பேஸ் போனால் போகட்டும். றேமண்டைப் பிடித்த பிறகும் பட்டறை வாசலை மிதிக்கிற ஒரே வாடிக்கையாளர் ஹாஜியார். அவரும் போவதென்றால் போகட்டும்.

முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாரோ என்னவோ, ஹாஜியார் சிரிப்பை நிறுத்தினார். வந்து சேராத பெட்டியைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்து கேட்காத மனுசன் அவர்.

"சரி, பலகையாவே செய்யுங்க" என்றார்.

யேசுரட்ணத்துக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. பென்சிலை எடுத்து மூடிய பெட்டியின் படத்தைக் குறுக்கே வெட்டினார்.

அப்போதுதான் பேர்ணடெற் உள்ளே வந்தாள். இவ்வளவு காலமும் சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு அவளைத் தடுப்பு முகாம் வாசலோடு திருப்பி அனுப்பினவர்கள், இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தம்பியோடு கதைக்க விட்டிருந்தார்கள். வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று கண்ணிலேயே தெரிந்தது.

"துவக்குப் பிடியால பின்பக்கத்த உடைச்சுப் பாத்திட்டு விடுறம் எண்டுதான் சொன்னவங்களாம். இவன் பெட்டியக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, உடைக்க விடமாட்டன் எண்டு நிண்டவனாம். அதுக்குப் பிறகுதானாம் அவங்களுக்குச் சந்தேகம் வந்தது."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு மரப்பெட்டிக்காக அவன் ஏன் அப்பிடிச் செய்தவன், இஞ்சேருங்கோ?"

யேசுரட்ணத்துக்குத் தெரியும்.

அன்றைக்குப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, றேமண்டின் காதைச் செல்லமாகத் திருகி, உன்ர கை முறிஞ்சாலும் பரவாயில்லையடா, பெட்டியில ஒரு கீறல் விழக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஓம் அத்தான் என்று சிரித்துக்கொண்டு போனவன் அவன்.