அவளுக்கென்று விட்ட புல்

எந்த மந்தை எங்கே மேய வேண்டும் என்பதைக் கால்நடைகளின் கழுத்தில் மாட்டிய கணினிப் பட்டைகளே முடிவு செய்தன. அதனால் நாச்சிமுத்து செம்மறிகளோடு தெற்கிலும், மனைவி மயிலாத்தா மாடுகளோடு வடக்கிலும் மாதக்கணக்கில் பிரிந்திருந்தார்கள்.

புல் செழித்த மேய்ச்சல் காட்டுக்குத்தான் பட்டை மாடுகளை விடும். அவளை வரவழைக்க, ஒரு காட்டில் செம்மறிகளை வாய்வைக்க விடாமல் அவன் காத்தான். ஆனால் கடிபடாத கொழுக்கட்டைப் புல் முற்றி, காய்ந்து வைக்கோலானது.

போனில் மயிலாத்தா சொன்னாள்: "வேலி வரைக்கும் வந்த மாட்டையெல்லாம் பட்டை திருப்பிருச்சுங்க. உள்ள பச்சையே இல்லியாமா."

"உனக்குன்னுதான் மேய்க்காம விட்டேன்."



"ஆடு கடிச்சிருந்தா மறுபடி தழைஞ்சிருக்குமுங்க, மாமா."

அவன் அரிவாளை எடுத்தான்.

"அதென்ன சத்தமுங்க?"

"காஞ்சத அறுக்கறேன். மழை வந்தா துளுக்கும். நீ பேசிட்டே இரு."